வயிற்றுக்குள் போன மோகாக்காரர்

பஞ்சாபுக்கு மாற்றலாகி வந்தபின் அடிக்கடி காதில் விழும் ஊர் மோகா. 1926ல் அங்கே பிறந்த நரிந்தர் சிங் கபானியைப் பற்றி எழுத ரொம்ப நாளாக நினைப்பு. எல்லோரும் இன்டர்நெட் கேபிளோடு அவர் கதையை நிறுத்திவிடுகிறார்கள். நான் சொல்ல வருவது வயிற்றுக்குள் போன கதை. (காமர்ஸ் படித்தவன் மருத்துவம் பேசுகிறேன், டாக்டர்கள் பொறுத்தருள்க :-))

சிரோசிஸில் கல்லீரல் இறுகிப்போகிறது. குடலிலிருந்து அங்கே போகவேண்டிய ரத்தம் வழியில்லாமல் உணவுக்குழாய்ப் பக்கம் திரும்ப, அங்குள்ள ரத்தக்குழாய்கள் புடைத்து ஒருநாள் வெடிக்கும். அதனால் இந்த நோயாளி ரத்த வாந்தி எடுத்தால் இதுதான் காரணம் என்று சட்டென்று நினைத்துவிடுவார்கள். ஆனால் இவர்களுக்கு அல்சரும் மற்றவர்களைவிட அதிகம். ரத்த ஓட்டம் கெட்டு வயிற்றின் உட்சுவர் பலமிழந்துவிடுகிறது. பலருக்கு வலியே இருக்காது, ரத்தம்தான் முதல் அறிகுறி.

இரண்டுக்கும் வைத்தியம் வேறு. 1950ல் செங்ஸ்டேக்கனும் பிளேக்மோரும் ஒரு பலூன் குழாயைக் கொண்டுவந்தார்கள். உள்ளே விட்டு ஊதினால் புடைத்த குழாயை அழுத்தி ரத்தத்தை நிறுத்தும். சிறுகுடல் தொடக்கத்தில் இருக்கும் புண்ணை அந்த பலூன் என்ன செய்யும்? ஒருவர் கணக்கில் போடவேண்டிய பற்றை இன்னொருவர் கணக்கில் போட்ட மாதிரிதான்.

பார்த்தால்தானே தெரியும்! ஷிண்ட்லரின் 1932ஆம் வருடக் கருவி பாதிதான் வளையும், சிறுகுடல் வாசலைத் தாண்டாது.

1954ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸும் அவரிடம் ஆராய்ச்சி செய்த கபானியும், மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்தால் வளைந்த வழியிலும் படம் போகும் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அதைப் படித்து லண்டனுக்கே போய்ப் பார்த்தார் ஹிர்ஷோவிட்ஸ். தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் மிச்சிகனில் இருந்த டாக்டர். அவர் குழுவிலிருந்த லாரி கர்டிஸ், அப்போது கல்லூரி மாணவர், 1956 டிசம்பரில் ஒவ்வொரு இழைக்கும் வேறொரு கண்ணாடியால் உறை போட்டார். வெளிச்சம் ஒழுகுவது நின்றது. 1957 பிப்ரவரியில் அந்தக் குழாயை ஹிர்ஷோவிட்ஸ் முதலில் தன் தொண்டையிலேயே விட்டுக்கொண்டார். (என்ன தைரியம் சாமி!) சில நாளில் ஒரு பெண்ணின் சிறுகுடல் புண்ணை நேரில் பார்த்தார்.

கபானி 2020 டிசம்பரில் காலமானார். பத்ம விபூஷண் அடுத்த மாதம்தான் அறிவித்தார்கள். வழக்கம்போல.

இன்றைக்கு சிரோசிஸ்காரர் ரத்த வாந்தியோடு வந்தால், நிலைமையைச் சீராக்கி 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி பார்க்கச் சொல்கிறார்கள். ரத்தக்குழாய் என்றால் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவார்கள், அல்சர் என்றால் கிளிப்பும் அமிலம் குறைக்கும் மருந்தும். வளையம் கட்டிய இடமே புண்ணாகி மறுபடி ரத்தம் வருவதும் உண்டு.