அடையாற்றின் முகத்துவாரம்

பரங்கிமலை, சின்னமலை, சாந்தோம் ஆகிய மூன்றும் புனித தோமையாரின் நினைவைத் தாங்கி நிற்கும் திருத்தலங்கள். இவற்றை நாம் தனித்தனியே அறிவோம். தனித்தனியே சென்று மன்றாடித் திரும்புகின்றோம். மூன்றையும் ஒரே நிலப்பரப்பாகப் பிணைப்பது அடையாறு என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பரங்கிமலைக்கு வடக்கே ஓடி, சைதாப்பேட்டையில் சின்னமலையின் அருகே சென்று, சாந்தோமுக்குத் தெற்கே, பட்டினப்பாக்கத்துக்கும் ஊரூர்க் குப்பத்துக்கும் இடையில் அவ்வாறு கடலை அடைகின்றது. மலைகளுக்கும் ஆலயங்களுக்கும் கிடைத்த காவல் அந்த ஆற்றின் வாய்க்கு ஏன் கிடைக்கவில்லை?

இக்கரையின் பழமை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. தாலமி குறிப்பிடும் மலியார்பா மயிலாப்பூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. திருஞானசம்பந்தர் பாடிய கபாலீச்சரம் கடலோரத்தில் நின்ற கோயில். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, தோமையாரின் கல்லறைக்குக் கிறிஸ்தவர்களும் இசுலாமியரும் ஒருங்கே வந்தனர் என்றும், அவ்விடத்து மண்ணை எடுத்துச் சென்று நோயுற்றோர்க்கு நீரில் கலந்து கொடுத்தனர் என்றும் பதிந்துள்ளார். 1920-களில் இயேசு சபைக் குரு ஓஸ்டன் சாந்தோமில் அகழ்ந்தும் தேடியும் பார்த்தபோது, சிலுவை பொறித்த கற்களோடு கோயில்களைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகளும் வெளிப்பட்டன. பழைய கோயில் அழிந்ததில் போர்த்துக்கீசியருக்கு இருந்த பங்கு பற்றிப் பேசத் தயங்குவோர் நம்மிடையே உண்டு. அத்தயக்கம் வரலாற்றுக்கு உதவாது.

அடையாற்றின் முகத்துவாரம் உலக வரலாற்றில் இடம்பெற்றது 1746-ஆம் ஆண்டில். அவ்வாண்டு செப்டம்பரில் லா பூர்தொன்னே சென்னையைப் பிரெஞ்சுக்காரருக்காகக் கைப்பற்றினார். நகரைத் தம்மிடம் ஒப்படைப்பதாகக் கூறிய தூப்ளே சொல் தவறியதால், ஆர்க்காட்டு நவாப் அன்வாருதீன் தம் மைந்தர் மாபூசு கானை ஏறத்தாழ 10,000 வீரருடன் அனுப்பினார். நவம்பர் 4-ஆம் நாள் (ஆங்கிலேயர் அன்று பின்பற்றிய பழைய நாட்காட்டியில் அக்டோபர் 24), புதுச்சேரியிலிருந்து வந்த பாராதிசு என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் தென்கரையை அடைந்தார். ஐரோப்பியரும் சிப்பாய்களுமாக அவரிடம் இருந்தோர் ஆயிரம் பேர் அளவினரே. எதிர்க்கரையில் நவாப்பின் பீரங்கிகள் நின்றன. பாலம் இல்லை. அவர்கள் ஆற்றில் இறங்கி நடந்தே கடந்தனர். கரையேறி ஒரே சீராகச் சுட்டனர். துப்பாக்கி முனை ஈட்டிகளோடு பாய்ந்தனர். நவாப்பின் படை சாந்தோமுக்குள் பின்வாங்க, அங்கும் அது சிதறியது. பயிற்சி பெற்ற சிறு காலாட்படை ஒரு பெரும் படையை வெல்லக்கூடும் என்பதை ஐரோப்பியர் இந்திய மண்ணில் உணர்ந்தது அன்றுதான். பிளாசிப் போருக்கு முன்னுரையை இவ்வாற்று மணலில் படிக்கலாம்.

அவர்கள் காலால் கடக்க முடிந்ததற்கு ஆற்றின் இயல்பே காரணம். தென்மேற்குப் பருவத்தில் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே இழுத்து வந்து ஆற்றின் வாயில் திட்டாகக் குவிக்கின்றது. வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டம் திசைமாற, மழைவெள்ளம் அத்திட்டை உடைத்துக் கொண்டு கடலில் பாய்கின்றது. வாய் திறந்திருக்கும் வரை ஓதநீர் உள்ளே ஏறி இறங்கும். இறால், நண்டு, மடவைக் குஞ்சுகள் வளரும். சேற்றுத் திடல்களில் உள்ளான்களும் நாரைகளும் மேயும். வாய் அடைபட்டால் நகரின் கழிவுநீர் தேங்கி அழுகும். 2015 டிசம்பர் 1-ஆம் நாள் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து மட்டும் விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. குறுகிப்போன ஆறு அன்று தன் பழைய இடத்தைக் கேட்டு வந்ததைச் சென்னை மறவாது.

முகத்துவாரத்தின் ஓடைகள் பல ஆண்டுகளாக மண்ணிட்டுத் தூர்க்கப்பட்டன, கட்டடங்கள் எழுந்தன. எஞ்சியதில் 58 ஏக்கர் சீரமைக்கப்பட்டு 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பெற்றது. குப்பை மேடாகக் கிடந்த இடத்தில் மீண்டும் நீரும் பறவையும் வந்தமை நற்செய்தியே. தெற்கே பெசன்ட் நகர் மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரையில் நடந்து அம்முட்டைகளைக் காத்து வருகின்றனர். ஆயினும் கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கடலோரமாக உயர்மட்டச் சாலை அமைக்கும் எண்ணம் எழுந்து, மீனவர் எதிர்ப்பால் அடங்கி, மீண்டும் தலைதூக்கியது. 1967-இல் கட்டப்பெற்று 1977-இல் ஆற்றின் வேகத்தால் இடிந்த பாலம் இன்றும் முகத்துவாரத்திலேயே நிற்கின்றது. திட்டம் வகுப்போர் ஒருமுறை அங்கே சென்று பார்ப்பது நலம்.

பேராலயத்துக்குப் பின்னே கடலை நோக்கி ஒரு கம்பம் நாட்டப்பட்டுள்ளது. கடல் இதைத் தாண்டாது எனத் தோமையார் எல்லை வகுத்ததாக மரபு கூறும். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போதும் அது தாண்டவில்லை எனப் பலர் சாட்சி சொன்னார்கள். அதே நாளில் முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரத்தில் உயிர்களும் குடிசைகளும் பறிபோயின என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். கடலுக்கும் மனிதருக்கும் இடையே ஓர் எல்லை தேவை என்னும் அம்மரபின் உணர்வை, 1991 பிப்ரவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வேறொரு மொழியில் கூறியது: உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. 2011-இலும் 2019-இலும் புதிய அறிவிக்கைகள் அதன் இடத்தைப் பிடித்தன. சில கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஆனால் ஒன்று மாறவில்லை. சதுப்புக் காடு, சேற்றுத் திடல், ஆமை முட்டையிடும் மணல் ஆகியவற்றோடு வரலாற்றுச் சிறப்புடைய இடங்களையும் முதல் வகையிலேயே அவை வைத்துள்ளன.

அடையாற்றுக்காக எழுந்த குரல்கள் பெரும்பாலும் பறவைக்கும் மீனுக்கும் வெள்ள வடிகாலுக்கும் எழுந்தவை. 1746-இன் ஆற்றுத்துறையும் அங்கே இருக்கின்றது. மயிலையின் பழங்கரையும் அங்கே இருக்கின்றது. சட்டம் இரண்டையும் ஓரிடத்தில் வைத்திருக்க, நாம் ஒன்றை மட்டும் கூறி வழக்காடுவானேன்? பேராலயத்திலிருந்து முகத்துவாரம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்று திருத்தலங்களைக் காட்டும் நம் வழிகாட்டி நூல்களில் அந்த நடையையும் சேர்த்து, பட்டினப்பாக்கத்து மீனவர் ஒருவரையே வழிகாட்டியாக அழைத்துக்கொள்ளலாம். மணல்திட்டு எந்த மாதத்தில் எங்கே உடையும் என்பதை அவரே அறிவார்.