காற்றுக்கு வழிவிட்ட கான்கிரீட்

கத்திரி வெயில் நாட்களில் புதுச்சேரியை ஒட்டிய வீராம்பட்டினத்தில் முற்பகல் முழுக்க மேல்காற்று அனலாக வீசும். பிற்பகலில் கடல்காற்று திரும்பினால்தான் ஊருக்கு மூச்சு வரும். அது வரத் தாமதமானால் புதுச்சேரியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடும்.

அந்தக் காற்றை நம்பித்தான் இந்தக் கரையில் வீடு கட்டினார்கள். மீனவர் குப்பத்தில் கீற்றுக் கூரை வெயிலை உள்ளே இறங்கவிடவில்லை. நகரத்தின் நேர்த்தெருக்களுக்கு அடிப்படை, 1693 முதல் 1699 வரை இங்கே ஆண்ட டச்சுக்காரர்கள் 1694இல் போட்ட திட்டம். அவற்றில் கிழக்கு மேற்காகப் போகும் தெருக்கள் கடல்காற்றுக்கு நேர்வழி. தமிழர் பகுதி வீடுகளில் தெருவோரம் தாழ்வாரமும் திண்ணையும், உள்ளே முற்றம். முற்றத்துச் சூடு மேலே ஏற ஏற, வாசல் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். தலைக்கு மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின் மேல் சன்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு இறுக்கிய தளம். வெயில் அதைத் தாண்டி இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

பிறகு கான்கிரீட் வந்தது. அதை இந்த ஊர் எவ்வளவு நன்றாகக் கையாண்டது என்பதற்கு அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி சாட்சி. டோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்த செக் நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் 1930களில் அதை வடிவமைத்தார். கூடவே நின்று கட்டியவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் கலைஞராகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நகாஷிமா. ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாமின் பணம் கிடைத்தது. பெயரும் அங்கிருந்தே வந்தது.

கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் தெற்கும் வடக்கும் பார்க்கின்றன. அந்தப் பக்கங்களில் சுவரே இல்லை. தரையிலிருந்து கூரை வரை திருப்பக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பலகைகள். பித்தளைப் பிடியைத் திருகினால் ஒரு வரிசை முழுக்கச் சாயும். வெயிலும் சாரலும் வெளியே நிற்க, காற்று மட்டும் நுழையும். தெற்கே அறை, வடக்கே நடைவழி, நடுவில் தேக்குச் சட்டங்கள் கோத்த நகரும் கதவு. அந்தக் கதவை மூடினாலும் காற்று போகும், பார்வை போகாது. கூரை இரட்டை அடுக்கு: மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள் வெயிலைத் தாங்க, இடைவெளியில் காற்று ஓடும். பித்தளைப் பொருத்துகளை அடியார்கள் கொடுத்த பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தார்கள். ஏசி இல்லாமலே அறைகள் குளிர்ச்சியாக இருக்கின்றன.

2004 சுனாமிக்கும் 2011 தானே புயலுக்கும் பிறகு, கடலோர மக்களிடம் கீற்றுக்குத் திரும்புங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. அவர்களுக்கு உறுதியான வீடு வேண்டும். ஆனால் மொட்டைத்தளமும் எதிரெதிர் ஜன்னல் இல்லாத அறைகளுமாகக் கட்டிய வீடு, பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரியில் தூங்குகிறவர்கள் மேல் இறக்குகிறது. குற்றம் கான்கிரீட்டில் இல்லை, காற்றை மறந்த வரைபடத்தில் இருக்கிறது. வீடு கட்டப்போகிறவர்கள் சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், எந்த ஜன்னல் வழியாகக் கடல்காற்று வரும், எது வழியாக வெளியேறும் என்று மேஸ்திரியிடம் கேளுங்கள்.