ஷார்த்ர் பேராலயம்

பிரான்ஸ் தேசத்தில், பாரிஸ் மாநகருக்குத் தென்மேற்கே, எர் என்னும் ஆற்றங்கரை மேட்டில் அமைந்துள்ள ஷார்த்ர் நகரத்தின் மேற்றிராசனக் கோயில். தேவமாதாவின் திருநாமத்தால் அர்ச்சிக்கப்பட்டது. கோதுமை விளையும் போஸ் சமவெளியில் வேறு உயரமான பொருள் எதுவும் இல்லாமையால், நகரம் கண்ணுக்குப் புலப்படுவதற்கு வெகுதூரம் முன்னரே இதன் இரு கோபுரங்களும் யாத்ரிகர்களுக்குத் தரிசனமாகிவிடும். கோதிக் பாணிக் கட்டடங்களுள் பழைய சிற்பங்களையும் வர்ணக் கண்ணாடிகளையும் பெரும்பாலும் சேதமின்றிக் காத்து நிற்பது என்பதே இதன் தனிச்சிறப்பு.

வரலாறு: தேவமாதா அணிந்ததென்று பக்தர்கள் நம்பிய ஓர் ஆடையை 876-இல் வழுக்கையர் சார்ல்ஸ் என்னும் மன்னர் இக்கோயிலுக்குக் காணிக்கையாக அளித்தார்; அதுமுதல் ஷார்த்ர் பெரும் யாத்திரைத் தலமாயிற்று. அதன்பின் இக்கோயிலின் சரித்திரம் அக்கினியின் சரித்திரமாகவே நடந்தது எனலாம். 1020-இல் ஒரு தீ பழைய கோயிலை அழிக்க, மேற்றிராணியார் ஃபுல்பேர் என்பவர் விசாலமான நிலவறையோடு புதிய கோயிலை எழுப்பத் தொடங்கினார். 1134-இல் நகரத்தில் பரவிய மற்றொரு தீயின் விளைவாக மேற்கு முகப்பும் கோபுரங்களும் புதுப்பிக்கப்படலாயின. 1194 ஜூன் 10-ஆம் நாள் மூண்ட பெருந்தீயிலோ அம்முகப்பும் கோபுரங்களும் நிலவறையும் நீங்கலாக மற்றவையெல்லாம் சாம்பலாயின. திருவாடையும் எரிந்துபோயிற்றென்று நகர மக்கள் நம்பிக்கையிழந்து நின்றபொழுது, அது நிலவறையில் பத்திரமாக இருப்பது வெளிப்பட, முன்னிலும் பெரிய இல்லத்தைத் தேவமாதா விரும்புகிறாள் என்பதற்கு அதுவே அடையாளம் என்று அவர்கள் கொண்டார்கள். அந்த உற்சாகத்தில் தொடங்கிய வேலையில் கோயிலின் பிரதான உடல் ஏறத்தாழ முப்பதே ஆண்டுகளில் நிறைவேறியது. அர்ச்சிப்பு விழா 1260-இல் நடந்தது.

கட்டடக்கலை: கல்லால் ஆன விதானத்தின் பாரம் சுவர்களைப் புறத்தே தள்ளிச் சாய்த்துவிடும் இயல்புடையதாகையால், முந்திய ரோமனெஸ்க் பாணிக் கோயில்களில் சுவர்களைத் தடிமனாகக் கட்டிச் சாளரங்களைச் சிறிதாக வைக்க நேர்ந்தது. ஷார்த்ர் சிற்பியர் விதானத்தின் பாரத்தைக் குறுக்காக ஓடும் கல் விலாக்களின் வழியே தூண்களில் இறக்கி, புறத்தே தள்ளும் விசையை வெளியில் நிற்கும் அந்தர வளைவுகள் தாங்குமாறு செய்து, சுவரைச் சுமையிலிருந்து விடுவித்தார்கள். அக்காலக் கோயில்களில் வழக்கமாயிருந்த மேல்தள மாடம் இங்கே விடப்பட்டதனால், மேற்சாளரங்கள் கீழ்நோக்கி நீண்டு வளர இடம் கிடைத்தது. கோயிலின் நீளம் சுமார் 130 மீட்டர். விதானத்தின் உயரம் சுமார் 37 மீட்டர்.

சிற்பங்கள்: மேற்கு முகப்பிலுள்ள ராஜவாயில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அங்குள்ள அரசர், அரசியர் உருவங்கள் தூணோடு தூணாக ஒடுங்கி, நீண்ட உடலும் சாந்தமான முகமுமாகக் காட்சி தருகின்றன. ஷார்த்ர் கலாசாலை அந்நாளில் பெற்றிருந்த கீர்த்திக்கு ஏற்ப, இலக்கணம், சங்கீதம், கணிதம் முதலிய ஏழு கலைகளும் அவ்வாயிலின் வளைவொன்றில் உருவம் பெற்றிருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த வடக்கு, தெற்கு வாயில்களின் உருவங்களோ தூணைவிட்டு விலகி, தலைசாய்த்து, ஒன்றோடொன்று பேசுவனபோல் நிற்கின்றன. கல்லில் உயிர்த்தன்மை வளர்ந்த விதத்தை இக்கோயிலைச் சுற்றிவரும் ஒரு பிரதட்சிணத்திலேயே அறிந்துகொள்ளலாம்.

வர்ணக் கண்ணாடிகள்: 170-க்கு மேற்பட்ட சாளரங்களில் சுமார் 2,600 சதுர மீட்டர்ப் பரப்புக்குக் கண்ணாடி ஓவியங்கள் உள்ளன. வேதாகமக் கதைகளுக்கும் அடியவர் சரிதங்களுக்கும் கீழே ரொட்டி சுடுவோர், செருப்புத் தைப்போர் முதலானோர் தத்தம் தொழிலைச் செய்யும் காட்சிகள் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. 1194-ஆம் ஆண்டுத் தீக்குத் தப்பிய நீலவண்ணத் தேவமாதாவின் உருவம் பின்னர்ப் புதிய சாளரத்தில் பொருத்தப்பட்டது. வடக்கிலுள்ள வட்டச் சாளரம் அரசி பிளான்ஷ் அளித்த கொடை. பிரான்ஸின் லில்லி மலர்களும் அவள் பிறந்த காஸ்டிலின் கோட்டைச் சின்னங்களும் அதில் காணப்படும்.

பிற்காலம்: 1594-இல் நான்காம் ஹென்றி இங்கே முடிசூடினார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நிலவறையிலிருந்த தேவமாதாவின் மரச்சிலை எரிக்கப்பட்டது. 1836-இல் கூரையின் மரச்சட்டங்கள் முழுவதும் எரிந்தபோது கல் விதானம் உள்ளே தீ இறங்காமல் தடுத்தது. பின்னர் இரும்புச் சட்டங்களின்மேல் செப்புத்தகட்டுக் கூரை வேயப்பட்டது. 1939-இல் போர் மூண்டதும் கண்ணாடிகளைக் கழற்றி அப்புறப்படுத்தினார்கள். 1944 ஆகஸ்டில், கோபுரத்தில் பகைவர் ஒளிந்திருப்பதாக அமெரிக்கப் படையினர் ஐயுற்றபொழுது, வெல்போர்ன் கிரிஃபித் என்னும் அதிகாரி தாமே உள்ளே சென்று சோதித்து, எவரும் இல்லையென்று அறிவித்துப் பீரங்கித் தாக்குதலைத் தவிர்த்தார். அன்றே அவர் போரில் மாண்டார். 1979-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அண்மைக் காலத்தில் உட்சுவர்களின் கரியை நீக்கி வெளிர்நிறம் வெளிப்படச் செய்தபோது, அதுவே ஆதி வண்ணம் என்றனர் திருப்பணியாளர். பழைய இருளின் கம்பீரம் போயிற்றென்று ரசிகர் பலர் வருந்தினர்.

காணும் முறை: வெயிலிலிருந்து உள்ளே புகுவோர், கண் இருளுக்குப் பழகும்வரை சற்று அமர்ந்திருத்தல் நலம், அதன் பின்னரே நீலமும் சிவப்பும் தம் முழு ஒளியைக் காட்டும். தரையில் சுமார் 260 மீட்டர் நீளப் பாதை சுருண்டு அமைந்த வட்டச் சுழல்வழி ஒன்று உண்டு. பெரும்பாலும் அதனை நாற்காலிகள் மறைத்திருக்கும். வெளியே வந்து மேற்கு முகப்பை நோக்கினால், நடுவில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் வாயிலும், அதற்கு மேலே பதின்மூன்றாம் நூற்றாண்டின் வட்டச் சாளரமும், வலப்புறம் அணிகலன் ஏதுமற்ற பழைய தென்கோபுரமும் காணலாம். இடப்புறத்து வடகோபுரத்தின் உச்சி, 1506-இல் இடிவிழுந்து அழிந்தபின் ஜான் தெ போஸ் என்னும் சிற்பி 1513-இல் கட்டிமுடித்தது.