அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கு மருத்துவப் பயணப்படி: 30 நாள் கெடு அவசியம்

அமெரிக்காவில் சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் முன்னாள் ராணுவத்தினருக்கு, அந்நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறை பயணச் செலவைத் திருப்பி அளிக்கிறது. பணியால் நேர்ந்த உடற்குறைபாடு 30 சதவீதம் அல்லது அதற்கு மேல் என மதிப்பிடப்பட்டவர்கள், துறையின் ஓய்வூதியம் பெறுவோர், குறைந்த வருமானம் உடையோர் உள்ளிட்டோர் இதற்குத் தகுதியுடையவர்கள்.

சொந்த வாகனத்துக்கு மைலுக்கு 41.5 சென்ட். 2008 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இத்தொகை, எரிபொருள் விலை உயர்ந்தபோதும் பத்தாண்டுகளுக்கும் மேலாக மாற்றப்படவில்லை. பொதுவாக ஒரு வழிப் பயணத்துக்கு 3 டாலர் பிடித்தம் செய்யப்படும். மருத்துவமனை 40 மைல் தொலைவில் இருந்தால், சென்று திரும்புவதற்கான 33.20 டாலரில் 27.20 டாலர் கைக்கு வரும். 10 மைல் எனில் மிஞ்சுவது 2.30 டாலர் மட்டுமே. மாதப் பிடித்தம் 18 டாலரைத் தாண்டாது என்பதால், அடிக்கடி சிகிச்சைக்குச் செல்வோருக்கு நான்காவது முறையிலிருந்து முழுத்தொகையும் கிடைக்கும்.

சிகிச்சை முடிந்த 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.