சோங்கு: துவக்கு வரலாற்றில் எழுதப்படாத மரம்

நமது வீடுகளில் உள்ள அலுமாரி, கதிரை, யன்னல், சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். 1505இல் அவர்கள் கொழும்புத் துறைக்கு வந்தபோது, அவர்களது பீரங்கி வெடித்த ஓசையை இடியோசைக்கு மேலானதாக ராஜாவலிய வர்ணிக்கிறது. ஆகவே துவக்கு என்ற சொல்லும் அவர்கள் தந்ததாகத்தான் இருக்கவேண்டும் என்று எவரும் எண்ணலாம். ஆனால் அப்படியில்லை. போர்த்துக்கேய மொழியில் துவக்குக்கு ‘எஸ்பிங்கார்தா’ என்று பெயர். அதன் சாயல்கூட நமது பேச்சில் இல்லை.

துருக்கியில் ‘துஃபெக்’. பாரசீகத்தில் ‘துஃபங்’. தெலுங்கில் ‘துபாக்கி’. தமிழ்நாட்டில் துப்பாக்கி, மலையாளத்தில் தோக்கு, நம்மிடம் துவக்கு, சிங்களத்தில் துவக்குவ. ஒரே சொல் கரை கரையாக நடந்து வந்திருக்கிறது. அறபியில் இதற்கு வேறு பெயர். ‘புந்துக்’ என்றால் கொட்டை, உருண்டை. அதிலிருந்து ‘புந்துக்கிய்யா’ வந்தது. வட இந்தியாவின் ‘பந்தூக்’கும் அந்த வழிதான்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, “துவக்கை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்களே நாங்கள்தான்” என்று மேடைகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சொல் அவ்வளவைச் சொல்லவில்லை. இந்துசமுத்திரக் கரைகளில் துவக்கைப் பற்றிய பேச்சு முஸ்லிம்கள் புழங்கிய மொழிகளின் வழியாகப் பரவியது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. அதற்கு வரலாற்றுச் சூழலும் பொருந்துகிறது. 1526இல் பானிபட்டில் பாபரின் பீரங்கிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் உஸ்தாத் அலி குலி. 1538இல் உஸ்மானியக் கடற்படை தியூ கோட்டையை முற்றுகையிட்டது. அதே தசாப்தத்தில் சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னைக்குத் துணையாகக் கோழிக்கோட்டுச் சாமூதிரி, மரைக்காயர்களின் கப்பல்களை அனுப்பினான். 1538இல் வேதாளைக் கரையில் போர்த்துக்கேயரிடம் அந்தப் படை தோற்றது. கப்பலோடு ஆளும் ஆயுதமும் சொல்லும் வந்துபோன காலம் அது.

நான் பேச வந்தது சொல்லைப் பற்றியல்ல, குழலைப் பற்றியுமல்ல. துவக்கின் மரத்தைப் பற்றி. தோளில் பதியும் அடிக்கட்டையை எங்கள் பக்கத்தில் சோங்கு என்பார்கள். குழலைத் தாங்கும் சட்டமும் அதோடு ஒரே மரமாக வருவதால், முழு மரத்துக்குமே அந்தப் பெயர் நின்றுவிட்டது.

இரும்பு ஒன்று, மரம் பல

அக்பரின் ஆட்சியை விவரிக்கும் அபுல் ஃபஸ்லின் ‘ஆயீனே அக்பரி’யில் துவக்குப் பற்றித் தனிப் பகுதி உண்டு. ஒவ்வொரு துவக்கிலும் இரும்பின் எடை, இரும்பு எடுத்த இடம், செய்த தொழிலாளி, செய்த ஊர், திகதி, இலக்கம் ஆகியவை பொறிக்கப்பட்டதாக அதில் வருகிறது. எவ்வளவு ஒழுங்கான பதிவு! ஆயினும் பட்டியல் முழுவதும் இரும்பைச் சுற்றியே போகிறது. துவக்கு வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டது. குழல், வெடிமருந்து, மன்னன், போர். மரம் பக்கத்தில் நிற்கும்.

ஆனால் ஒரு துவக்கு எந்த நாட்டில் உருவானது என்று பார்த்தவுடன் சொல்ல உதவுவது மரந்தான். குழல் எங்கும் இரும்புக் குழாய்தான். உஸ்மானியத் துவக்கின் சோங்கு ஐந்து பட்டையாக வெட்டப்பட்டிருக்கும். ஆப்கானியரின் ‘ஜெஸாயில்’ துவக்கில் அது வில்போல வளைந்திருக்கும். இந்தியத் திரித் துவக்கில் மெலிந்து நேராக ஓடும். ஜப்பானியர் 1543இல் போர்த்துக்கேயரிடம் பெற்ற துவக்கைப் பின்பற்றித் தாங்களே செய்தபோது, தோளில் பதிக்கும் கட்டையே இல்லாமல் கன்னத்தோடு அணைக்கும் குட்டைச் சோங்கை வைத்துக்கொண்டார்கள். குழலை வெளியே இருந்து வாங்கலாம். அதை ஏந்தும் மரத்தை அந்தந்த நாட்டு ஆள் தன் உடம்புக்கும், உடைக்கும், உட்காரும் முறைக்கும் ஏற்பச் செய்துகொண்டான்.

கண்டியின் சோங்கு

இலங்கைத் துவக்கு இதற்கு நல்ல சாட்சி. அதன் சோங்கு நுனியில் இரண்டாகப் பிளந்து, கீழ்நோக்கிச் சுருண்டு நிற்கும். உலகின் வேறு எந்தத் துவக்கோடும் அதைக் குழப்ப முடியாது. தீப்பொறி எழுப்பும் விசை வழமையாக வலப்பக்கத்தில் இருக்கும்; இலங்கையில் அதை இடப்பக்கத்தில் பொருத்தினார்கள். மரத்தில் கொடிவேலைப்பாடு, தந்தமும் வெள்ளியும் பதித்த பூக்கள். கண்டியக் கலைகளைப் பற்றி 1908இல் பெருநூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமி போன்றவர்கள் பதிவு செய்திருக்காவிட்டால், அந்தக் கைவினைஞர் மரபைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பாதியும் மிஞ்சியிராது.

1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது கொண்டுபோன பொருட்களில் 6, 2023இல் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தன. பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும் இழைத்த லெவ்கே திசாவையின் பீரங்கியைப் பற்றித்தான் பத்திரிகைகள் எழுதின. அதனோடு இரண்டு பெரிய துவக்குகளும் வந்தன என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

அரண்மனைச் சோங்குக்காவது நூதனசாலையில் ஓர் இடம் கிடைக்கிறது. சேனைக் காவலுக்கு வைத்திருந்த சாதாரணக் குடியானவனின் சோங்குக்கு அதுவும் இல்லை.

ஓடாவியின் கை

எங்கள் ஊர் அம்பாறை மாவட்டத்தின் கரையோரம். காணி மேற்கே காட்டோரம். பயிர் விளையும் காலத்தில் யானையும் பன்றியும் இறங்கும். காவலுக்குப் பரண் கட்டி, இடியன் துவக்கோடு விடிய விடிய இருப்பார்கள். பன்றி நமக்கு ஹராம், அதைத் துரத்துவதோடு சரி. மான் பட்டால் மட்டும் ஓட்டமாக ஓடுவார்கள். உயிர் போகுமுன் பிஸ்மி சொல்லி அறுத்தால்தானே இறைச்சி.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு துவக்கு வைத்திருக்கப் பத்திரம் வேண்டும். புதுத் துவக்கு லேசில் கிடைக்காது. ஆகவே ஒரே குழல் மூன்று தலைமுறைக்கு உழைத்தது. மரம் அப்படியல்ல. மழையில் நனையும், கறையான் பிடிக்கும், வெடி உதையில் கழுத்துப் பகுதி பிளக்கும். அப்போது ஊர் ஓடாவியைத் தேடிப் போவார்கள். தோணிக்கும் வீட்டுக்கும் வேலை செய்கிற அதே ஓடாவி, தன் வீட்டு முற்றத்தில் இருந்தே புதுச் சோங்கு செய்து கொடுப்பார்.

எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஓடாவியாரிடம் இதைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அவர் முதலில் சொன்னது இது:

“மகன், குழலக் காசி குடுத்து வாங்கலாம். சோங்க அப்பிடி வாங்க ஏலா. அது ஆளுக்காள் வேற.”

அவர் அளவெடுக்கும் முறை எளிது. துவக்குக்கு உரியவரைக் கையை மடக்கச் சொல்வார். முழங்கை மடிப்பில் சோங்கின் அடி பதிந்தால், சுட்டுவிரல் விசையில் இயல்பாக விழவேண்டும். கை நீண்டவருக்கு நீளமாக, குட்டையானவருக்குக் குட்டையாக. இதைப் பாமரரின் கைக்கணக்கு என்று ஒதுக்கிவிட ஏலாது. பிரித்தானியப் படை உலகமெங்கும் கொண்டுபோன லீ-என்ஃபீல்ட் றைபிளுக்கும் 4 வித நீளத்தில் அடிக்கட்டைகள் செய்தார்கள். ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்தவனும் கடைசியில் ஆளின் கையை அளக்க வேண்டியிருந்தது.

ஐரோப்பாவிலும் காஷ்மீரிலும் சோங்குக்கு விரும்பிய மரம் அக்ரோட். வலுவுக்கு ஏற்றபடி பாரம் குறைவு, ஈரத்தில் அதிகம் பருக்காது, உளிக்கு இசையும். நம்மிடம் அது இல்லை. ஓடாவியார் தெரிந்தெடுத்தது பூவரசு. மாட்டுவண்டிச் சில்லுக்கு உதவுகிற மரம். நார் பின்னிக் கிடப்பதால் லேசில் பிளக்காது. அடிமரத்திலிருந்து கிளை பிரியும் வளைவைப் பார்த்து வெட்டுவார். சோங்கின் கழுத்தில் நார் குறுக்கே ஓடினால் உதையில் முறிந்துவிடும். வளைவோடு சேர்ந்து நாரும் வளைந்து ஓடவேண்டும். வெட்டிய கட்டையை அடுப்புக்கு மேலே பரணில் ஒரு வருஷமாவது போட்டுவைப்பார். “பச்ச மரத்துல குழல இறுக்கினா, ரெண்டு மாசத்துல மரம் ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம்” என்றார்.

பிறகு வாய்ச்சியால் உருவம் எடுப்பது. அதைவிடக் கஷ்டமானது குழல் படியும் பள்ளத்தைத் தோண்டுவது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் குழலின் அடியில் பூசுவார். மரத்தில் வைத்து அமுக்கித் தூக்குவார். கரி ஒட்டின இடம் மேடு. அந்த மேட்டை மட்டும் உளியால் சுரண்டுவார். மறுபடியும் பூசி, அமுக்கி, தூக்கி, சுரண்டி. பள்ளம் முழுவதும் ஒரே சீராகக் கரி படியும்வரை இரண்டு மூன்று நாள் போகும். எங்காவது ஓர் இடத்தில் மட்டும் குழல் தட்டிக்கொண்டிருந்தால், வெடியின் உதை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் விழுந்து மரம் வெடிக்கும். கடைசியில் சொரசொரப்பான பிராய் இலையால் தேய்த்து, தேன்மெழுகு பூசி மினுக்குவார்.

“பேர் கீர் வெட்டுவீங்களா?” என்று கேட்டேன்.

சிரித்தார். “என்னத்துக்கு? யாருட சோங்கெண்டு அவருட தோளுக்குத் தெரியும்.”

அடுப்புக்குப் போன ஆவணம்

எங்கள் மூத்தவாப்பாவின் துவக்கும் இப்படிச் சோங்கு மாற்றப்பட்ட ஒன்றுதான். போர்க்காலத்தில் அதை ஒப்படைக்க வேண்டி வந்தது. பற்றுச்சீட்டு ஒன்று தந்தார்கள்; துவக்கு திரும்பி வரவில்லை. ஆனால் அதற்கு முந்திய பழைய சோங்கு, கழுத்தில் பிளந்து கழற்றி வைத்தது, வீட்டுப் பரணில் கிடந்தது. குழல் இல்லை, விசை இல்லை, வெறும் மரம். கன்னம் பட்டுப் பட்டு ஒரு பக்கம் மட்டும் கறுத்து மினுங்கும்.

2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதலுக்குப் பின் வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பரம்பரை வாள், பழைய கத்தி என்று வைத்திருந்தவர்கள் இரவோடிரவாக அவற்றை எறிந்தார்கள். எங்கள் பெரியம்மா அந்தச் சோங்கை அடுப்பில் வைத்துவிட்டார். “இது மரந்தானெண்டு வாறவனுக்கு நான் எப்படி வெளங்கப்படுத்துற?” என்பது அவரது கேள்வி. அந்தக் கேள்விக்கு அன்றைக்கு விடை இருக்கவில்லை. அவரை நான் குறை சொல்லவும் மாட்டேன்.

ஆனால் ஆய்வு செய்கிறவன் கணக்கில் அது ஓர் ஆவணம். மூத்தவாப்பாவின் கை எவ்வளவு நீளம், எந்தத் தோளில் வைத்துச் சுட்டார், அந்தக் காலத்தில் எந்த மரம் கிடைத்தது, ஓடாவியின் வாய்ச்சி எவ்வளவு அகலம், எல்லாம் அந்த ஒரு கட்டையில் இருந்தன. நமது சமூகத்தைப் பற்றிய வரலாறுகள் வியாபாரி, மரைக்காயர், ஆலிம், உறுப்பினர் என்றே போகின்றன. நமது ஊர்களில் தோணி கட்டியவனையும் மிம்பருக்கு மரம் செதுக்கியவனையும் சோங்கு செய்தவனையும் பற்றி ஒரு நல்ல பட்டியல்கூட இல்லை. துவக்கை யார் கொண்டுவந்தார்கள் என்ற பெருமைப் பேச்சைவிட, வந்த துவக்கை யார் நமது கைக்கு ஏற்றதாக்கினார்கள் என்ற கேள்வி நமக்கு அதிகம் பயன்படும். முதலாவதற்கு ஆதாரம் தேடி லிஸ்பனுக்கும் இஸ்தான்புலுக்கும் போகவேண்டும். இரண்டாவதற்கான ஆதாரம் அடுத்த தெருவில், ஒரு வயோதிபரின் நினைவில் இருக்கிறது.

பொருளை வைத்திருக்கப் பயமென்றால் படம் எடுக்கலாம், நீளம் அகலம் குறிக்கலாம், மரத்தின் பெயரை எழுதலாம். ஓடாவிகளின் ஆயுதப் பெயர்களையும் அளவுச் சொற்களையும் ஒலிப்பதிவு செய்யலாம். பள்ளிவாசல் நூலகங்களும் பாடசாலை வரலாற்று மன்றங்களும் ஒரு விடுமுறைக் காலத்தில் செய்துமுடிக்கக்கூடிய வேலை இது. நான் சந்தித்த ஓடாவியாரின் வாய்ச்சியும் உளிகளும் இன்னும் அவரது திண்ணைப் பெட்டியில் இருக்கின்றன. பிள்ளைகளில் யாரும் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் போய்க் கேட்டு எழுதி அனுப்புங்கள்.