பாட்டும் பத்திரமும்

கலைஞனைப் போற்றுவதில் நம்மவர்க்குக் குறைவில்லை. மாலை சூட்டுவோம், பொன்னாடை போர்த்துவோம், செத்தபின் சிலையும் வைப்போம். அவன் ஆக்கிய பொருளுக்குப் பாத்தியதை யாருக்கு என்று கேட்டால் மாத்திரம் வாய் திறவோம்.

பாரதியார் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 1921-ல் அவர் காலமானபோது குடும்பத்துக்கு மிஞ்சிய சொத்து அவருடைய எழுத்துக்களே. 1911-ம் வருஷத்துப் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம் 1914-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆக்கியோன் இறந்தபின் 50 ஆண்டுகள் உரிமை நிலைக்கும் என்பது அதன் விதி. அதாவது 1971 வரை. வறுமைக்கு அத்தனை காலம் காத்திருக்கத் தெரியுமா? நூலுரிமை தம்பி விசுவநாதனிடம் போயிற்று. இசைத்தட்டு உரிமையோ தனியே பிரிந்து, வியாபாரிகள் கைமாறி, ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரைச் சேர்ந்தது. 1947-ல் அவருடைய 'நாம் இருவர்' படத்தில் அப்பாடல்கள் ஒலித்தன. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது வழக்கு எழுந்தது. நாட்டில் கிளர்ச்சி பிறந்தது. 1949-ல் சென்னை சர்க்கார் உரிமையை ஏற்றது. செட்டியார் தம் பங்கை விலையின்றியே விட்டுக்கொடுத்தார். அதனை மறைப்பது நேர்மையன்று. பின்னர் அவ்வெழுத்துக்கள் மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின.

பாட்டு ஒன்றே, அச்சிட ஓர் உரிமை, தட்டில் பதிக்க வேறோர் உரிமை. சட்டம் அறிந்தவன் தனித்தனியே விற்பான். அறியாதவன் ஒட்டுமொத்தமாய்க் கைநாட்டு வைப்பான்.

மலேசியாவில் இன்று நடப்பது 1987-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். இங்கும் ஆக்கியோனுக்குப் பின் 50 ஆண்டே. தன் பெயரை மறைத்து வெளியிடுவதையும், தன் ஆக்கத்தைச் சிதைத்துத் தன் மானத்தைக் கெடுப்பதையும் தடுக்கக் கலைஞனுக்கு அதில் இடமுண்டு. ஆயினும் இரண்டு இடங்களில் நம்மவர் இடறி விழுகின்றனர். வேறு உடன்படிக்கை இல்லாவிடில், கூலி பேசி வரையச் சொன்னவனுக்கே பதிப்புரிமை போய்ச் சேரும் என்கிறது சட்டம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தூரிகை பிடிக்கும் ஓவியருள் எத்தனை பேர் இதை அறிவர்? இரண்டாவது, எழுத்திலோ பதிவிலோ ஏறாத பாட்டுக்கு அவ்வுரிமை பிறப்பதேயில்லை.

சுபாங் ஜெயா 1976-ல் எழத் தொடங்கிய நகரம். அதற்குமுன் அது சீபீல்டு ரப்பர்த் தோட்டம். பால்மரத்தடியில் கட்டிப் பாடிய பெண்களின் பாட்டுக்கு எந்தப் பத்திரம் உண்டு? எம் போன்ற கிராணிமார் ஆளுக்கு எத்தனை ராத்தல் பால் என்று தவறாமல் எழுதி வைத்தனர். பாட்டை எழுத அந்தப் பேரேட்டில் பத்தி இல்லை.