கண்ணுக்குத் தெரியும், கூகுளுக்குத் தெரியாது

கொழும்பின் தமிழ் வியாபாரங்கள் பற்றி ஒரு சின்ன ஆய்வு செய்ய வேண்டி வந்தது. எங்கட குழுவுக்குக் கிடைச்ச பகுதி வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும். எல்லாரும் செய்யிறதைத்தான் நாங்களும் முதல்ல செய்தோம்: கூகுளில் தேடினோம். கொட்டாஞ்சேனையில் பல வருஷமாக இயங்குற ஒரு அச்சகத்தின் பெயரைத் தமிழில் போட்டோம், இங்கிலீஷில் போட்டோம், ஒன்றும் வரவில்லை. பிறகு எங்களில் ஒருத்தியின் வீட்டு அலுமாரியில் கிடந்த பழைய கலியாணக் கார்டைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அந்த அச்சகத்தின் இணைய முகவரி. டைப் பண்ணினோம். தளம் திறந்தது!

ஆனா பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. 'தமிழ்' என்று வர வேண்டிய இடத்தில் ஜே, கே, பீ, ஓ, கடைசியில் ஒரு செமிகோலன். எங்கட வயசுக்காரர் பார்த்தால் தளத்தை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க என்றுதான் நினைப்பாங்க. அக்காமாரிடம் காட்டினால் உடனே சொல்லுவாங்க: "அது பாமினி. ஃபொன்ட் போட்டாத்தான் வரும்."

வியாபாரத் தளங்கள் தேடலில் வராமல் போறதுக்கான காரணங்களை இன்றைக்கு 'டெக்னிக்கல் எஸ்ஈஓ' என்று பெயர் வைத்து யூடியூப்பில் பாடம் எடுக்கிறாங்க. அதில் அனேகமாக யாரும் சொல்லாத, எங்கட மொழியில் நடந்த ஒரு பிழையின் கதை இது.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். பழைய எட்டு பிட் முறையில் இருந்தது மொத்தம் 256 இடங்கள். தமிழ் எழுத்துகளோ 247. அதனால் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஒரு குறுக்கு வழி எடுத்தன. இங்கிலீஷ் 'ஜே'க்கு உரிய எண்ணை அப்படியே விட்டுவிட்டு, திரையில் அதன் உருவத்தை மட்டும் 'த' என்று மாற்றி வரைந்தன. பார்க்கிறவருக்குத் தமிழ், உள்ளே கிடப்பது ஜே. கூகுளின் தேடல் ரோபோ எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் வாசிக்கும். ஆக அந்த அச்சகம் தன்னைப் பற்றித் தமிழில் எழுதி வைத்ததெல்லாம், கூகுளைப் பொறுத்தவரை எந்த மொழியிலும் இல்லாத ஒரு உளறல்.

இதை முட்டாள்தனம் என்று சிரிக்க எங்களுக்கு விருப்பமில்லை. அந்தக் காலத்தில் வேறு வழி இருந்ததா? 1995இல் நா. கோவிந்தசாமி சிங்கப்பூரில் இணையத்தில் தமிழை ஏற்றினார். 1998 பொங்கலோடு கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்து மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு குறிமுறை. 1999இல் சென்னையில் மாநாடு கூடி, டாம், டாப் என்று இரண்டு குறிமுறைகளை முன்வைத்தார்கள். இணையத்தில் பலர் டிஸ்கியோடு நின்றார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரிடமும் பாமினி வேரோடியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோட் 1991இல் வெளிவந்தபோதே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. தமிழ் இணையத்துக்கு முதலே அதற்கான பொதுத்தரம் பிறந்துவிட்டது! ஆனால் அதைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் கம்ப்யூட்டர் வீடுகளில் இல்லை. விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. தரம் வந்ததுக்கும் அது கைக்கு வந்ததுக்கும் இடையில் ஏறக்குறைய பத்து வருஷம். எங்கட கடைகள் இணையத்துக்கு வரத் தொடங்கியது அந்த இடைவெளியில்.

வலைப்பதிவுக்காரர்கள் 2003, 2004 அளவில் வேகமாக யூனிகோடுக்கு மாறினார்கள். சுரதாவின் 'பொங்கு தமிழ்' மாற்றியில் பாமினியைப் போட்டு யூனிகோடாக எடுத்தார்கள். கடைக்காரர் மாறவில்லை. ஒருமுறை காசு கொடுத்துச் செய்த தளம்தானே, பெயர்ப்பலகை மாதிரி தொங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மாறினவர்களிடமும் ஒரு பேய் ஒட்டிக்கொண்டு வந்தது. பாமினியில் டைப் செய்த பலர் 'ர்' போடும் இடத்தில், அதே மாதிரித் தெரியுதே என்று காலைப் போட்டு மேலே ஒரு புள்ளி வைப்பார்கள். தாளில் அச்சடிக்க அது போதும். யூனிகோடாக மாற்றினால் 'மலர்' என்பது 'மலா்' ஆகிவிடும். உற்றுப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு சொற்கள். 'கௌரி'யும் இப்படித்தான்: ஔகாரக் குறி போடாமல் ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு எழுதினால், தேடலுக்கு அது 'கெளரி' என்ற வேறொரு ஆள். கடையின் பெயரே இப்படி இருந்தால் என்ன செய்வது?

இப்ப காலி வீதிக்கு வருவோம். வெள்ளவத்தையில் நாங்கள் பார்த்த புதுத் தளங்களில் பாமினி இல்லை. பதிலாகப் படம் இருக்கிறது. சேலைக்கடை ஒன்றின் முகப்பு முழுக்க ஒரே பெரிய போஸ்டர்: கடைப் பெயர், முகவரி, திறக்கும் நேரம், ஆடித் தள்ளுபடி எல்லாம் படத்துக்குள். படத்தோடு அதை விளக்கும் 'ஆல்ட்' வரியைச் சேர்க்கும் வசதி 1995 எச்டிஎம்எல் தரத்திலேயே உண்டு, அதுவும் வெறுமை. ஃபொன்ட் பிரச்சினை தீர்ந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு, அதே பிழையை வேறு உடுப்பில் செய்துகொண்டிருக்கிறோம். பக்கத்துத் தலைப்போ 'ஹோம்'. உலகத்தில் எத்தனை லட்சம் 'ஹோம்'களுக்கு நடுவில் போய் நிற்கப் போகுதோ!

இன்னொரு தளத்தில் பிழை ஒரு வரிதான். 1994இல் மார்ட்டின் கொஸ்டர் முன்வைத்த 'ரோபோட்ஸ்' கோப்பு, தேடல் ரோபோக்களுக்கு வாசலில் எழுதி வைக்கும் அறிவித்தல். தளம் கட்டும்போது, வேலை முடியும்வரை யாரும் வரவேண்டாம் என்று அதில் எழுதுவது வழக்கம். வேலை முடிந்தது, திறப்புவிழாவும் நடந்தது, பலகையைக் கழற்ற மறந்துபோனார்கள்.

இதெல்லாம் வியாபாரிக்கு நட்டம், எங்களுக்கென்ன என்று முதலில் நினைத்தோம். ஆனா இணையத்தின் பழைய பக்கங்களைச் சேமிக்கும் வேபேக் மெஷினும் பல வருஷம் அந்த ரோபோட்ஸ் அறிவித்தலை மதித்தே நடந்தது. வராதே என்று எழுதியிருந்தால் எடுக்காது. முகவரி கைமாறி, புதுச் சொந்தக்காரர் தடை போட்டால், முன்பு சேமித்த பக்கங்களையும் காட்டாது. தேடலுக்கு மறைந்தது ஆவணத்துக்கும் மறையும். வரலாறு படிக்கிற ஆட்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அச்சகத்தின் தளத்தில் 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம் இருந்தது. அதைப் பிரதி எடுத்து மாற்றியில் போட்டோம். விலைப்பட்டியல் ஏதாவது வரும் என்றுதான் நினைத்தோம். வந்தது 1983 ஜூலை. முதல் அச்சகம் இருந்தது வெள்ளவத்தையில். மெஷின், ஈய எழுத்துகள், கணக்குக் கொப்பிகள், மாதிரிக்கு எடுத்து வைத்த கார்டுகள், எல்லாம் எரிந்ததை நாலு பந்தியில் எழுதியிருந்தார். பிறகு ஒரு கைமெஷினோடு கொட்டாஞ்சேனையில் திரும்பத் தொடங்கியதையும். கடதாசி எரிந்துபோன ஒரு மனிதர் நினைவில் இருந்ததை எழுதி உலகம் முழுக்கத் தெரியும் என்று இணையத்தில் போட்டிருக்கிறார். எந்தத் தேடலிலும் அது ஒருநாளும் வந்திருக்காது.

அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். ஐயா கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார்.

"இது நான் எழுதினதுதான். எங்க எடுத்தனீங்கள்?"

"உங்கட வெப்சைட்டில, ஐயா."

"அது இன்னும் இருக்கே?"

தளத்தைச் செய்து கொடுத்த பொடியன் கனடா போய்க் கன காலமாம். பாஸ்வேர்ட் அவரிடம்தான். வருஷா வருஷம் முகவரிக்குக் காசு யார் கட்டுறது என்று கேட்டோம். ஐயா யோசித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பொடியன்தான் கட்டுறான் போல, ஒருநாளும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். பிறகு ஒரு பேனையை எடுத்து, மாற்றியில் பிழைத்துப்போன 'ர்' ஒவ்வொன்றையும் திருத்தத் தொடங்கினார். அச்சுக்கோர்த்த கண், ஒன்றையும் விடவில்லை. கடைசிப் பந்தியில் ஒரு வரியை வெட்டி, கைமெஷினைக் கடனாகக் கொடுத்தவரின் பெயரைச் சேர்த்தார்.

அந்தத் தாள் எங்களிடம் இருக்கிறது. யூனிகோடில் டைப் பண்ணியாச்சு. கனடாவுக்கு மெயில் போட்டிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.